நீராகாரத்தில் ஒரு துளி அயோடின்

உப்பு காய்ந்த கைகளுள்ள என் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். நாலு வரி எழுதுவேன், எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து கிழித்துப் போடுவேன். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நல்லவாட்டில் உன் படகை இப்போது சித்தப்பா ஓட்டுகிறார். நான் மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் லேப் எடுக்கிறேன். கேட்டால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய். எனக்குத்தான் போன வாரத்திலிருந்து அந்த லேப்புக்குள் கால் வைக்கப் பிடிக்கவில்லை.

போன வாரம் மாவுச்சத்துச் சோதனை. வீட்டிலிருந்து எதையாவது கொண்டு வாருங்கள், அயோடின் விட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். உருளைக்கிழங்கு, வாழைக்காய், பிஸ்கட் எல்லாம் வந்தது. பாகூரிலிருந்து வருகிற ஒருத்தி தண்ணீர் பாட்டிலில் நீராகாரம் எடுத்து வந்திருந்தாள். "வேற ஒண்ணும் கெடைக்கல மிஸ். வெறும் சோத்துத் தண்ணிதான், இதுல இன்னா இருக்கப் போவுது?" என்றாள். ஒரு துளி விட்டோம். மாவுச்சத்து இருந்தால் வருகிற கருநீலமாகிவிட்டது. வகுப்பே சிரித்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சர்க்கரை டெஸ்டுக்கு உன்னைக் கூட்டிப் போன காலை ஞாபகம் இருக்கிறதா? வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். "ஏதாச்சும் சாப்ட்டியாப்பா?" என்று கேட்டேன். அம்மா ஊற்றிக் கொடுத்த நீராகாரத்தை ஒரு சொம்பு குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் சாப்புடல, வாடி போலாம்" என்றாய். நீ பொய் சொல்லவில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராதே. நானும் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அப்போது நான் இரண்டாமாண்டு. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த நீளச் சங்கிலி, வாயில் எச்சில் பட்டதுமே அறுபட்டுச் சர்க்கரையாக மாற ஆரம்பிக்கும் என்று எழுதி முழு மார்க் வாங்கியவள். அந்தச் சங்கிலி உன் சொம்பிலும் இருக்கும் என்று ஏன்பா எனக்குத் தோன்றவில்லை?

சர்க்கரை ஏறித்தான் இருந்தது. டாக்டர், "வெறும் வயிறுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றது நான்தான். நீ ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைக் கூட்டி எழுதி, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். கடலில் எது நேரம்?

பத்து நாள் கழித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் கடலுக்குப் போனாய். வலை இழுக்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஏதோ உளறினாயாம். "வெயில்னு நெனச்சோம்மா" என்று சித்தப்பா அழுதார். கரைக்குக் கொண்டு வந்தபோது மூச்சு இல்லை. எல்லாரும் மாரடைப்பு என்றார்கள். அப்படியே இருக்கலாம். கூட்டிய மாத்திரையால் சர்க்கரை அடியோடு இறங்கியும் இருக்கலாம். ஒரு பிடி சர்க்கரையை யாராவது உன் வாயில் போட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாயோ? எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. அதுதான் என்னை ஓரிடத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் போகும்போது திடீரென்று எழுந்து நின்றுவிடுகிறேன் அப்பா, இறங்கும் இடம் வருவதற்கு முன்பே.

இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். ஊற்றிக் கொடுத்தது அவள் கை. ஆனால் நேற்று காலை அவளுக்கே சர்க்கரை டெஸ்ட். கிளம்பும்போது பார்க்கிறேன், அதே சொம்பு அவள் கையில்.

"அத வெச்சிடும்மா. பச்சத்தண்ணி மட்டும் குடி."

"இதுவும் தண்ணிதானடி. உங்கப்பா டெஸ்டுக்குப் போன அன்னிக்கும் இதான குடிச்சிட்டுப் போனாரு?"

நான் சொம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாடி... அதனாலயா?"

"தெரியலம்மா. சத்தியமா தெரியல."

"என் கையாலதானடி குடுத்தேன்."

"நான் பாத்துக்கினுதானம்மா இருந்தேன். படிச்சவ நானு."

சொம்பை முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். அப்புறம் சுகாதார நிலையம் போகிற வரைக்கும் எனக்கு நாலடி முன்னால் தலை குனிந்தே நடந்தாள். அவளை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அங்கே வரிசையில் பத்துப் பேர். நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும், "சாப்ட்டியா?" என்று கேட்டு, இல்லை என்றவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தொட்டாள்.

"இன்னா குடிச்சிட்டு வந்த?"

"நீராகாரந்தான்க்கா. அது இன்னா சாப்பாடா?"

"சாப்பாடுதான்டி. எழுந்து வூட்டுக்குப் போ. நாளைக்கு ஒண்ணும் குடிக்காம வா."

அவள் போன பிறகு அம்மா அடுத்தவளிடம் கேட்டாள். பிறகு அவளுக்கு அடுத்த கிழவரிடம். வரிசை முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. மூன்று பேர் எழுந்து போனார்கள். அவர்கள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்று நான் அழுதேன் அப்பா.

நாளைக்கு லேப் இருக்கிறது. போவேன். இனி வருஷா வருஷம் முதல் சோதனைக்கு நீராகாரத்தைத்தான் வைப்பேன். அயோடின் விடுவதற்கு முன்னால் உன்னைப் பற்றிச் சொல்வேன். "சாப்ட்டியா?" என்பதோடு யாரிடமும் நிறுத்த மாட்டேன்.

சொம்பைப் பார்த்தும் கேட்காமல் விட்ட,
உன் மகள்.