கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

அம்மணி சுகுணா,

விடிந்த பிறகுதான் படுத்தாய், எழுப்பவில்லை. தேயிலை எடுக்கிற வேன் வருகிற நேரம், தோட்டத்துக்குப் போகிறேன். அடுப்பில் ரசம் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு.

நேற்று நீ கடைக்குப் போனபோது ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. ஈரம் ஏறக்கூடாதென்று டிவிக்குப் போர்த்துவது போலத்தான் உன் கம்ப்யூட்டருக்கும் கம்பளியைப் போர்த்தி ஜன்னலைச் சாத்தினேன். உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு கொதித்துப்போய் எல்லாம் அணைந்தது. அது ஆறு மணி நேரமாகச் செய்துகொண்டிருந்த படம் போனது, தப்புத்தான். அதற்காக, "ஏனுங்கப்பா, உங்களுக்கு அறிவே இல்லீங்களா" என்று பக்கத்து ஊட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவதா?

கோத்தகிரியே குல்லா போட்டு நடுங்குகிறது. அந்த கார்டுக்கு மட்டும் மூன்று ஃபேன் சுற்றியும் எண்பத்தைந்து டிகிரி. விற்றவன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படம் கோயமுத்தூர் கம்பெனிக்குப் போகாவிட்டால் உன் வேலை போய்விடும் என்றாய். அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து, காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கார்டின் சூடு எழுபத்தாறைத் தாண்டவில்லை. அரை மணிக்கு ஒருதரம் காலண்டர் தாளில் குறித்திருக்கிறேன். அது காட்டுகிற நம்பரை நம்பாமல் பெட்டி மேல் கையை வைத்தும் பார்த்தேன்.

அப்பா

கம்பளியை நான் போர்த்திக்கொண்டு போகிறேன், தேடாதே.

இன்னொன்று. படம் போய்விட்டால் ஜன்னலைச் சாத்து. போகாவிட்டால் ஜன்னலோரம் இருக்கிற என் கட்டிலுக்குக் குளிருமே என்று பார்க்காமல் திறந்தே விடு. நான் அடுப்படியில் படுத்துக்கொள்கிறேன்.