மேசையில் வைத்த துவக்கு

பெப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஐம்பத்திரண்டு பேருக்கு இரத்தம் எடுத்தேன். கை ஓய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து பஸ்சில் வரும்போது விதுஷா போன் எடுத்தாள். மகள் லண்டனை விட்டு அமெரிக்காவுக்குப் போய் ஆறு மாதம். ஆராய்ச்சி செய்துகொண்டே முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறாள். குரல் சரியில்லை.

“அம்மா, இங்க ஒரு சட்டம் கொண்டு வரப்போகினம். லைசென்ஸ் இருந்தா ஸ்டூடன்ஸ் கிளாசுக்குள்ள துவக்கு கொண்டு வரலாமாம்.”

“ஆரைச் சுடவாம்?”

“ஒருத்தரையும் சுட இல்லையம்மா. தங்கட பாதுகாப்புக்காம்.”

யோசனையில், வீட்டுக்குக் கிட்ட நோர்பரியில் இறங்காமல் தோர்ன்டன் ஹீத் வரை போய்விட்டேன்.

பெப்ரவரி 6, வியாழன்

அந்த மாநிலத்துச் சட்டசபைக் குழு ஒன்று பொதுமக்களின் கருத்தைக் கேட்கப் போகிறதாம். விதுஷா எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்துவிட்டாள். சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

“விசாவில நிக்கிற பிள்ளை. வாயை மூடிக்கொண்டு படிச்சு முடிக்கச் சொல்லும்.”

நானும் அதைத்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பேசாதே என்று சொல்லத்தான் அவளுக்குப் போன் எடுத்தேன். வேறு ஏதோ சொல்லிவிட்டேன்.

எண்பத்தாறு. யாழ்ப்பாணக் கம்பஸ். தியாகராஜா சேரின் வகுப்பு. எங்களோடு படித்த ஒருவன், இயக்கத்தில் இருந்தவன், பிந்தி வந்தான். இடுப்பில் இருந்த பிஸ்டலை எடுத்துக் கொப்பிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தான். இடுப்பில் குத்தியிருக்கும், வேறொன்றும் இல்லை. ஒருவரையும் அவன் வெருட்டவில்லை. கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினான்.

சேர் அதுவரை எங்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவர் கரும்பலகையைப் பார்த்தே படிப்பித்தார். அவனுடைய விடைத்தாளில் ஒருநாளும் சிவப்புக் கோடு விழவில்லை.

விதுஷா கேட்டாள்.

“அம்மா, இதை நான் அங்க சொல்லட்டோ?”

“வேண்டாம்.”

பெப்ரவரி 10, திங்கள்

ஏன் சொன்னேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாதே எனக்கு?

பெப்ரவரி 12, புதன்

விதுஷாவோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பெண் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசப்போகிறாளாம். போன வருடம் கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் அவளை இழுத்து விழுத்தியிருக்கிறான். அங்கே யாரும் இருக்கவில்லை. கையில் ஒரு துவக்கு இருந்திருந்தால் என்று இன்னும் நினைக்கிறாளாம்.

அவளிடம் நான் என்ன சொல்லுவேன்? நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது.

ஆனால் சேரின் முதுகுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

மத்தியானம் விதுஷாவுக்கு எழுதினேன்: சொல். என் பெயர் மட்டும் வேண்டாம்.

பெப்ரவரி 19, புதன்

வேலையில் அரைநாள் லீவு. பின்னேரம் மூன்று மணிக்குக் குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்தக் குழுக் கூட்டத்தை நேரலையில் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்தப் பெண் முதலில் பேசினாள். அந்தக் கார் நிறுத்துமிடத்தைப் பற்றிச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் கழித்து என் பிள்ளை. தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“எனது தாய் படித்த வகுப்பில் ஒரு துவக்கு இருந்தது. அது வெடிக்கவே இல்லை,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

இவர் வேலையால் வந்து, ஜக்கெட்டைக் கழற்றாமல் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. அவள் முடித்த பிறகுதான் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

“இஞ்சருமப்பா, முப்பது வருசமா நீர் எனக்கு இதைச் சொல்லேல்லை.”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

தானே தேத்தண்ணி வைத்தார். சீனி கூடிப்போச்சு. குடித்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

சட்டம் தோற்றுவிட்டது! ஐந்துக்கு ஆறு. ஒரே ஒரு வாக்கு!

அடுத்த வருடம் திரும்பக் கொண்டு வருவார்களாம். வரட்டும். இந்த வருடம் இல்லை.

இவர் விதுஷாவிடம் கதைத்தார். “வடிவாப் பேசினாய் பிள்ளை” — அவ்வளவுதான். போனை என்னிடம் தந்துவிட்டு மூக்கைச் சீறிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். வெளியே நல்ல மழை.

அந்தப் பெண்ணோடு கோபமோ என்று கேட்டேன். “இல்லையம்மா. கார் பார்க்குக்கு லைட் போடச் சொல்லி ரெண்டு பேருமாச் சேர்ந்து கடிதம் எழுதுறம். இப்ப நான்தான் அவளைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விடுறனான்.”

இன்று ஒருவருக்கும் இரண்டாம் முறை ஊசி குத்தவில்லை. எல்லா நரம்பும் முதல் தரமே கிடைத்தது.

மார்ச் 2, ஞாயிறு

விதுஷாவோடு நாற்பது நிமிடம். முழுக்க முறைப்பாடு. வகுப்பில் ஒருவன் ஒவ்வொரு வசனத்துக்கும் கை உயர்த்துகிறானாம். அவள் பலகையில் போட்ட கணக்கு பிழை என்று எல்லோருக்கும் முன்னால் நிறுவிவிட்டானாம்.

“முழு வகுப்பும் சிரிச்சதம்மா. சரியான வெக்கமாப் போச்சு. அடுத்த கிளாசுக்கும் வருவான், பாருங்கோவன்.”

“வரட்டும்,” என்றேன்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.