லீவுக் கொப்பியில் செத்தவர்கள்

2025 பெப்ரவரி 10, திங்கள்

பாடசாலைச் சீருடை அவசரம் ஒருவழியாக முடிந்தது. பாசிக்குடாவில் புதிதாகத் திறக்கும் ஹோட்டலுக்கு ஊழியர் சீருடை தைக்கிற ஓடர் எங்களுக்குத்தான் வரும்போல இருக்கிறது. அறுநூறு செற். சின்ன உப்போடையில் வீட்டு முன்விறாந்தையில் ஒரு மெசினோடு தொடங்கியவள் நான். இன்றைக்குப் பதினாலு மெசின், பதினாலு பெண்கள். பாதிப்பேர் செட்டிபாளையப் பக்கம், பாதிப்பேர் ஏறாவூர். சம்பளம் ஒருநாளும் பிந்தியதில்லை. மட்டக்களப்பில் இப்படி இன்னொரு தையல் நிலையம் இருந்தால் காட்டட்டும், பார்ப்போம்.

தம்பி பிறையன் சட்டங்களைப் புதிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினான். லீவென்றால் மூன்று நாள் முந்திச் சொல்ல வேண்டும். லீவுக் கொப்பியில் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் எனக்குச் சரியென்று பட வேண்டும். பொய் பிடிபட்டால் அன்றைக்கே வீட்டுக்கு. ஒன்றுக்கு மட்டும் கேள்வி இல்லை: செத்தவீடு. சொன்னால் போதும், போகலாம். என்னிடம் வேலை செய்கிற ஒருத்தியையும் செத்தவீட்டுக்குப் போகாதே என்று நான் மறித்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கேயும் எழுத மாட்டேன்.

பெப்ரவரி 19, புதன்

விடியவே மேனுகாவின் அழைப்பு. மாமியார் சீதேவிப்பிள்ளை போய்விட்டாராம். சத்தமே வரவில்லை பாவம். மூன்று நாள் வீட்டில் நில் என்று சொல்லிவிட்டேன். ஹோட்டலுக்கு மாதிரிச் சட்டை அடுத்த வாரம் காட்ட வேண்டும். கொலர் அவள் கையால் வந்தால்தான் கொலர். என்ன செய்வது, சாவுக்குத் திகதி சொல்ல ஏலுமா?

பெப்ரவரி 20, வியாழன்

எனக்கு வந்தது கோபமா வெட்கமா, தெரியேல்ல.

செத்தவீட்டுக்கு முகம் காட்டாமல் விட்டால் மனிதரா? இரண்டு கிலோ சீனி, தேயிலை, ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் செட்டிபாளையம் போனேன். கல்லடிப் பாலம் தாண்டியதிலிருந்து என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவளுடைய ஒழுங்கையில் வெள்ளைக்கொடி ஒன்றையும் காணவில்லை. கதிரை இல்லை, பந்தல் இல்லை. முடக்குக் கடையில் சீதேவிப்பிள்ளையின் செத்தவீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவ இப்பதானே வந்து வெங்காயம் வாங்கிக்கொண்டு போனா என்றார்.

வளவுக்குள் போனால், செத்துப்போன சீதேவிப்பிள்ளை குந்தியிருந்து மீன் வெட்டுகிறார். என் கையிலிருந்த சீனிப் பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். விளங்கிவிட்டது. ஆனால் மனுசிக்கு ஒரு பதற்றமும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, "வாங்க மகள், இரிங்க" என்று கதிரை எடுத்துப் போட்டார்.

"மேனுகா எங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உள்ளுக்குப் படுத்திருக்காள். நேத்து விடியப் படுத்தவள், சோத்துக்கு மட்டுந்தான் எழும்பினவள். அவளை ஏசாதீங்க மகள். நான்தான் சொன்னன், என்னைச் சாகடிச்சிட்டுப் போய்ப் படு எண்டு. உங்கட இடத்தில அதுக்கு மட்டுந்தானே கேள்வி இல்லயாம்."

பிறகு எல்லாம் சொன்னார். மருமகள் நாலரைக்கு எழும்புகிறாள். சமைத்து வைத்துவிட்டு ஆறு மணி பஸ். மார்கழி தொடங்கி இரவு எட்டுக்கு முன்னர் வீடு வந்தது கிடையாது. வந்த பிறகும் விடுகிறேனா நான்? நாளைக்கு எது முதலில், எந்தக் கொலர் பிழை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனில் பேசி அனுப்புகிறேன். அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க அவள் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைக்கிறாளாம்.

அரிசிப் பானைக்குள்ள என்ட குரல்!

எழுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமயிருக்குள் எங்கள் நீல நூல் துண்டு இரண்டு. சீதேவிப்பிள்ளை அவருடைய செத்தவீட்டுக்கு நான் கொண்டுபோன சீனியைப் போட்டே தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன். நல்ல தேத்தண்ணி.

பெப்ரவரி 21, வெள்ளி

காலையிலேயே மேனுகா வந்து வாசலில் நின்றாள். மாமியார் சொல்லியிருப்பார். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவும் இல்லை. "சட்டம் தெரியும் அக்கா. என்ட கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டுப் போறன்" என்றாள். திங்கள் வரை வீட்டில் இரு, அதற்குள் முடிவு சொல்கிறேன் என்றேன்.

எல்லோருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. இவளை வேலையால் நிற்பாட்டாவிட்டால் நாளைக்கு எல்லோரும் உன் தலையில் ஏறுவார்கள், சுவரில் ஒட்டியது சும்மாவா என்று பிறையன் நிற்கிறான். அவன் சொல்வதும் சரிதான். என் வாயால் சொன்ன சொல்.

பின்னேரம் லீவுக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். இரண்டு வருடத்தில் பதினாலு பெண்களுக்கு முப்பத்தொரு சாவு. ஒருத்தியின் பெரியப்பா மூன்று தரம் செத்திருக்கிறார். ஏறாவூர் அஸீமாவின் மூத்தம்மா ஒரு நோன்புக்கும் அடுத்த நோன்புக்கும். சுனாமியிலும் இவ்வளவு போகவில்லை இந்தக் குடும்பங்களில். முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் நான் அனுதாபம் சொல்லியிருக்கிறேனே! பிறகு திகதிகளைப் பார்த்தேன். எல்லாச் சாவும் அவசர ஓடருக்குப் பிறகு. சிரிப்பு நின்றுவிட்டது.

பெப்ரவரி 22, சனி

மேனுகாவின் மெசினில் நானே இருந்து கொலர் தைத்தேன். நாலும் பிழை. ஐந்தாவதைத் தூக்கி எறிந்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். எழுதத்தான் வேண்டும்.

2003, கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலை. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒருநாள் மெசினுக்கு முன்னால் இருந்தபடியே கண் இருட்டியது. கேட்டால் லீவு கிடையாது என்று தெரியும். பப்பா செத்துப்போனார் என்று சொல்லிவிட்டு, போடிங் அறையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். ஐந்து மாதம் கழித்துப் பப்பா மெய்யாகவே போனார். அழுதுகொண்டு போய் நின்றேன். சுப்பவைசர் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சிங்களத்தில் கேட்டார்: "உனக்கு எத்தனை அப்பா?" இந்தச் சாவு மெய்யென்று கிராம சேவகரின் கடிதம் வந்து சேர மூன்று நாள். நான் மட்டக்களப்பில் வந்து இறங்க மண் மூடியாகிவிட்டது. ஊரில் பாதிக் கதவு யன்னல் செய்த என் பப்பா எல்மோ ஆசாரிக்கு, சவப்பெட்டி மூடும்போது மகள் இல்லை.

அதனால்தான் செத்தவீட்டுக்கு நான் கேள்வி கேட்பதில்லை. பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் திரிந்தேன். ஆனால் மெலிண்டா, முதல் தரம் பப்பாவைப் பொய்யாகச் சாகடித்தாயே, அன்றைக்கு உனக்கு வேண்டியிருந்தது என்ன? நித்திரை. அதை இந்தப் பதினாலு பேரில் ஒருத்திக்காவது கொடுத்தாயா நீ?

அந்த சுப்பவைசரை இருபத்திரண்டு வருசமாத் திட்டினன். அவரிட கதிரையிலதானே நானும் இருக்கன்.

பெப்ரவரி 24, திங்கள்

மேனுகாவையும் வரச் சொல்லி, மெசின்களை நிறுத்தச் சொல்லி, கட்டுநாயக்காக் கதையைச் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் வாய்க்குள் வைத்திருந்தது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்து லீவுக் கொப்பியில் காரணம் எழுதுகிற பத்தியை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்தேன். இனி பெயரும் நாளும் மட்டும். மாதம் ஒரு நாள், சம்பளத்தோடு, ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நோயும் சாவும் அதற்கு வெளியே. ஐந்தரைக்கு மெசின் நிற்கும். அதற்குப் பிறகு என் குரல் ஒருத்தியின் வீட்டுக்கும் வராது.

பொய்க்குத் தண்டனை இல்லையா என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். பொய் சொல்ல வைத்தவளுக்குத்தான் முதல் தண்டனை, அது இந்தக் கத்தரிக்கோல் என்றேன். மேனுகா தன் மெசினில் போய் இருந்து நூல் கோத்தாள். முகத்தைக் காட்டவில்லை, தோள்தான் குலுங்கியது.

பிறையன் மத்தியானம் சாப்பிட வரவில்லை. கோபமாம். இருக்கட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. ஏறாவூர்ப் பெண்கள் ஏழுக்கு வந்து இரண்டுக்குப் போகிறார்கள். இது அஸீமா கேட்டது. முந்தி ஏன் கேட்கவில்லை என்றேன். முந்திக் கேட்டால் நீங்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே என்றாள். அப்படியா பார்க்கிறேன்?

ஏப்ரல் 9, புதன்

பின்னேரம் ஆறு மணி. ஒரு பொக்கற் பிழை ஞாபகம் வந்து போனைக் கையில் எடுத்துவிட்டேன். வைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: பொக்கற் கால் அங்குலம் கீழே வர வேண்டும், மெலிண்டா. நாளைக்குச் சொல்.

மே 19, திங்கள்

வந்தது சோதனை. யூன் பன்னிரண்டு ஹோட்டல் ஓடர் கொடுக்கிற நாள். அதற்கு முந்திய வாரம் ஏறாவூர்ப் பெண்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். அதே வாரம் செட்டிபாளையத்தில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு. வருடத்தில் ஒருமுறைதான் திறக்கிறது, எப்படி மறிக்க? கொப்பியில் அந்த வாரத்துக்கு மட்டும் பதினொரு பெயர்.

பிறையன் கொப்பியை என் முன்னால் வைத்து, "நான் சொன்னனா இல்லயா அக்கா?" என்றான். சிவப்புப் பேனையை எடுத்துவிட்டேன். ஓடர் போனால் மூன்று மாதம் பதினாலு பேருக்கும் வேலை இல்லை. வெட்டலாம், நான்தானே முதலாளி. வெட்டினால் அடுத்த வாரமே பெரியப்பாக்கள் சாகத் தொடங்குவார்கள்.

பேனையை மூடினேன். கொப்பியை நடு மேசையில் திறந்தபடி வைத்து, ஓடர் திகதியைப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

மே 21, புதன்

நான் மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், பெயர்களெல்லாம் அவர்கள் கையாலேயே வெட்டி மாற்றியிருக்கிறது. பெருநாளுக்கு முந்திய நாளும் அன்றைக்கும் செட்டிபாளையம் வேலை. கடைசிநாள் குளிர்த்திச் சடங்குக்கு ஏறாவூர் வேலை. கொலர் அறுநூறும் அதற்கு முதலே தைத்து முடிக்க மேனுகா மற்ற இருவருக்குக் கை பழக்குகிறாள். கீழே அஸீமாவின் எழுத்து: "மிச்சத்தை நாங்க பாக்கிறம். சிவப்புப் பேனை வேணாம்."

எப்படித் தெரியும் இவளுக்குச் சிவப்புப் பேனையைப் பற்றி? பிறையன்தான். அவனும் இவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டான்.

யூன் 12, வியாழன்

கொடுத்தாச்சு. அறுநூறும். நேரத்துக்கு. ஹோட்டல் மனேஜர் அம்மா ஒரு சட்டையை எடுத்துக் கொலரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். யார் கை என்று கேட்டார். மூன்று பேரின் பெயரும் சொன்னேன். அடுத்த வருடமும் எங்களுக்குத்தானாம்.

பாசிக்குடாவிலிருந்து வாகனத்தில் திரும்பி வரும்போது பிறையன் பாட்டுப் பாடினான். எனக்கு நெஞ்செல்லாம் பெருமை. பெருமைப்படாமல் என்ன? என்ட பெட்டையள்.

யூன் 30, திங்கள்

சீதேவிப்பிள்ளை நண்டு கொண்டு வந்தார், சட்டி நிறைய. எல்லோரும் சுற்றி நின்றார்கள். "இப்ப என்னை ஒருத்தரும் சாகடிக்கிறாங்க இல்ல மகள். நல்ல சுகமாத்தான் இருக்கன்" என்றார். மேனுகா வெட்கத்தில் மெசினுக்குக் கீழே விழாத நூலைத் தேடினாள். கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். பெயரும் நாளும் மட்டும்; பெப்ரவரிக்குப் பிறகு சாவென்று ஒருத்தியும் லீவு கேட்கவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

கொப்பியில் ஒரு பெயர் மட்டும் இதுவரை இல்லை, என்னுடையது. இன்றைக்கு எழுதினேன்: மெலிண்டா, வியாழன். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. சட்டம் அப்படி.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நாளைக்குப் பப்பா செத்த நாள். கல்லறைக்குப் போறன்" என்றேன். இத்தனை வருடத்தில் அந்த நாளில் ஒருதரமும் போனதில்லை. ஏதாவது ஓடர் இருக்கும்.

மேனுகா மெசினிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்தாள். "போயிட்டு வாங்க அக்கா. போனை அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டுப் போங்க" என்றாள்.