மூன்றாண்டு பம்பு பார்த்தவளைத் தையல்காரி ஆக்கிய சான்றிதழ் குறித்து

அனுப்புநர்
மு. முனியசாமி (வயது 51),
பண்டகக் காப்பாளர்,
பம்பு பழுதுபார்க்கும் பணிமனை,
சோஹார் துறைமுகத் தொழிற்பகுதி, ஓமன்.
சொந்த ஊர்: சாயல்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன்,
சென்னை.

பொருள்: ஜப்பானில் பொறியாளர் பணிக்குத் தேர்வான என் அக்காள் மகள் பானுப்பிரியாவுக்கு, உள்நோக்கத்துடன் தவறான பணிச் சான்றிதழ் வழங்கிய நிர்வாக அலுவலர் திரு. ரெங்கராஜ் மீது நடவடிக்கை எடுக்கவும், 28.11.2025-க்குள் சரியான சான்றிதழ் பெற்றுத் தரவும் வேண்டுதல் - தொடர்பாக.

பார்வை: 1. மேற்படியார் கையெழுத்திட்ட பணிச் சான்றிதழ், நாள் 02.11.2025.
2. அதே மேற்படியார், அதே பேனாவால் கையெழுத்திட்ட கடிதம், நாள் 14.03.2023.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

தற்போது அப்பதவியில் இருப்பவர் ஐயாவா அம்மாவா என்பது சோஹார் வரை எட்டவில்லை. யாராயிருப்பினும் வணக்கம். எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. ஊர்வம்பை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியே பழக்கம். அந்த வாடை இதில் எங்கேனும் வீசினால் பொறுத்தருள வேண்டும்.

1. நான் இங்கு பத்தொன்பது ஆண்டுகளாகப் பண்டகக் காப்பாளர். ஆனால் என் அடையாள அட்டையில் "கோழிப்பண்ணைத் தொழிலாளி" என்று இருக்கிறது. எங்கள் கஃபீல், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, ஒரு பணிமனையும் ஒரு கோழிப்பண்ணையும் ஒரு பெண்கள் தையற்கடையும் வைத்திருக்கிறார். எதில் விசா காலியோ அதில் ஆளைக் கொண்டுவருவது இங்கே நெடுநாள் நடைமுறை. என் அறையில் இருக்கும் நால்வரும் அட்டைப்படி கோழி வளர்ப்பவர்கள். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து இதுவரை வளர்த்தது ஒரு பூனை.

2. பானுப்பிரியா இயந்திரப் பொறியியல் பட்டதாரி. வயது 25. செப்டம்பர் 2022-இல் எங்கள் பணிமனையில் பம்புப் பொறியாளராகச் சேர்ந்தாள். மதுரையில் ஆள் அனுப்பும் அலுவலகத்தில் நியமன ஆணையைக் கொடுத்தபோது அதில் "பொறியாளர்" என்றும், விசாவில் "தையல்காரர்" என்றும் இருந்தது. உடனே எனக்குத்தான் போன் செய்தாள். "மாமா, விசாவுல டெய்லர்னு போட்டிருக்கே, பின்னால சிக்கல் வராதா?" என்று கேட்டாள். நான் சொன்ன பதிலை என் வாயாலேயே ஒப்புக்கொள்கிறேன்: "அதெல்லாம் சும்மா பேப்பரும்மா. என் கார்டுல கோழிப்பண்ணைன்னு இருக்கு. ஒரு முட்டையக்கூட நான் எடுத்தது கிடையாது. யல்லா, கையெழுத்தப் போட்டுட்டு வா." இந்த வழக்கில் முதல் குற்றவாளி நான். இரண்டாம் குற்றவாளியைப் பற்றித்தான் மனு.

3. வந்த நாள் முதல் அவள் பிரித்துப் பூட்டிய பம்புகள் 212. எண்ணிக்கை என் பண்டகப் பதிவேட்டின்படி. ஒவ்வொரு தாங்கியும், ஒவ்வொரு அடைப்பு வளையமும் அவள் கையெழுத்தைப் பார்த்த பிறகே என் அலமாரியை விட்டு இறங்கியிருக்கின்றன. மூன்றாண்டுகளில் அவள் என்னிடம் ஊசி நூல் கேட்டதே இல்லை.

4. பணிமனைப் பேருந்தில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் ஜப்பானிய மொழி படித்தாள். மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கிய அதே பேருந்தில் உட்கார்ந்து இரண்டாம் நிலைத் தேர்வில் தேறினாள். என் அலமாரிப் பெட்டிகளின் மீதெல்லாம் ஜப்பானிய எழுத்தில் துண்டுச்சீட்டு ஒட்டினாள். போல்ட்டுக்குப் போருட்டோ, வால்வுக்குப் பாருபு. அவர்களும் நம்மைப்போலவே ஆங்கிலத்தை உடைத்துத்தான் உபயோகிக்கிறார்கள் என்றறிந்து எனக்கு அந்த நாட்டின் மீது பெருமதிப்பு ஏற்பட்டது.

5. கடந்த ஆகஸ்ட்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒசாகா அருகிலுள்ள பம்பு நிறுவனம் ஒன்று கணினி வழியே நேர்காணல் நடத்தியது. எங்களுக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள். பண்டக அறையில்தான் இணைய இணைப்பு நன்றாயிருக்கும் என்பதால் அங்கேயே நடந்தது. நான் மூன்றாவது அலமாரிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஒட்டுக்கேட்க அல்ல. (ஒட்டுக்கேட்கத்தான்.) மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். எனக்குப் புரிந்தது "பொம்பு" என்ற ஒரு சொல் மட்டுமே. முடிந்ததும், "என்னம்மா கேட்டாங்க?" என்றேன். "ஒழுகுற பம்பு ஒண்ணக் காட்டி, முதல்ல என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க மாமா. திறக்க மாட்டேன், அத ஓட்டுறவர்ட்ட என்ன சத்தம் கேட்டுச்சுன்னு முதல்ல விசாரிப்பேன்னு சொன்னேன். மூணு பேரும் தலைய ஆட்டுனாங்க" என்றாள். பத்து நாளில் தேர்வுக் கடிதம் வந்தது. 01.04.2026 அன்று பணியில் சேர வேண்டும். அதற்கான குடிநுழைவு விண்ணப்பத்தை அந்நிறுவனமே தாக்கல் செய்யும். அவர்கள் கேட்டது ஒரே ஒரு தாள்: இவர் இத்தனை ஆண்டு இன்ன பொறியியல் பணி செய்தார் என்று தற்போதைய நிறுவனம் தரும் சான்றிதழ். கடைசி நாள் 28.11.2025. பிந்தினால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும்.

6. இனித் திரு. ரெங்கராஜ் அவர்களைப் பற்றி. வயது 44. மதுரைக்காரர். எங்கள் நிறுவனத்தின் விசா, விடுமுறை, சான்றிதழ் மூன்றும் அவர் மேசையில். கஃபீலிடம் போனில் பேசும்போது நாற்காலியில் பாதிதான் உட்காருவார். போனை வைத்ததும் எதிரில் நிற்கும் தொழிலாளியிடம் முழு நாற்காலியையும் நிரப்பிக்கொண்டு கத்துவார். சென்ற 17.01.2025 அன்று இங்கு நடந்த பொங்கல் விழாவில் நான் இந்த இரண்டு ரெங்கராஜ்களையும் மேடையில் நடித்துக் காட்டினேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். அவர் மன்னித்திருப்பார். ஆனால் முன்வரிசையில் அவருடைய துணைவியார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வீட்டிலும் நாலைந்து நாள் சிரித்ததாகப் பிற்பாடு கேள்வி. என் மீதான குற்றச்சாட்டு உண்மையில் அதுதான்.

7. அக்டோபர் இறுதியில் பானுப்பிரியா சான்றிதழ் கேட்டாள். "கார்டுல என்ன இருக்கோ அதுதான் லெட்டர்ல வரும். ரூல் அது" என்றார். அவள் மூன்று முறை போனாள். நான்காம் முறை நான் போனேன்.

8. இந்தப் பத்தியை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன். நான் கைகட்டி நின்று, "தம்பி, அன்னைக்கு மேடையில பண்ணுனது தப்புத்தான். எம்மேல உள்ள கோவத்தப் பிள்ளை மேல காட்டாதீங்க" என்றேன். "தப்பா? நல்லாப் பண்ணுனீங்கன்னு கேள்விப்பட்டேனே. நாந்தான் சரியாப் பாக்கல. இப்பப் பண்ணிக் காட்டுங்கண்ணே" என்றார். அறைக்கதவைத் திறந்து வைத்து, கணக்குப்பிரிவில் இருந்த ஏழு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் நடித்தேன். ஐயா அல்லது அம்மா, முப்பது ஆண்டுகளாக ஆளைப் பார்த்தால் ஆடிவிடுகிற உடம்பு இது. அன்று ஆட்டம் வரவில்லை. பாதி நாற்காலியில் உட்கார்ந்தேன். முழு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டாமென்று முன்பே சொல்லிவைத்திருந்தார் என அந்த ஏழு பேரில் ஒருவர் மறுநாள் என் பண்டக அறைக்கு வந்து கண்கலங்கச் சொன்னார். முடிந்ததும் திரு. ரெங்கராஜ், "என்னண்ணே, நல்லாவே இல்லையே. இதுக்கா எல்லாரும் சிரிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். முன்கூட்டியே அடித்து, கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்திருந்தார். வாசலைத் தாண்டி வந்துதான் படித்தேன்: "பானுப்பிரியா எங்கள் நிறுவனத்தில் மூன்றாண்டுகள் பெண்கள் ஆடைத் தையல்காரராகத் திறம்படப் பணியாற்றினார். அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்." வாழ்த்துகள் என்ற சொல்லைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

9. அத்தோடு நிற்கவில்லை. ஒசாகா நிறுவனம் விவரம் சரிபார்க்க அனுப்பிய மின்னஞ்சலுக்கும், "பதிவேட்டின்படி தையல்காரர்" என்று அன்றே பதில் போட்டுவிட்டார். விடுமுறை விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்பவர், இதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒசாகாக்காரர்கள் கோபிக்கத் தெரியாதவர்கள் போலும். "தங்கள் நிறுவனத்தில் தையல் பிரிவும் உள்ளதா? தையல் அனுபவமும் இருப்பின் சுயவிவரத்தில் அதைக் குறிப்பிட மறந்துவிட்டீர்களா? அருள்கூர்ந்து விளக்கவும்" என்று அவளுக்கு எழுதியிருக்கிறார்கள். அவள் அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துப் பொருள் சொன்னாள். வழக்கமாக நான் சிரிப்பேன். அன்று இருவருமே சிரிக்கவில்லை.

10. இப்போது பார்வை 2-இல் கண்ட கடிதம். மார்ச் 2023-இல், துறைமுகத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் பம்பு ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காக எங்கள் நிறுவனம் பணியாளர் பட்டியல் கொடுத்தது. அதில் மூன்றாவது பெயர் பானுப்பிரியா, "மூத்த பம்புப் பொறியாளர்", புகைப்படத்துடன். கீழே திரு. ரெங்கராஜின் கையெழுத்து, அதே நீல முத்திரை. வாயில் அனுமதிச் சீட்டுக்காக ஒரு நகல் பண்டக அறைக்கு வரும். நான் எதையும் தூக்கிப்போடாத ஜாதி. ஆக, அவள் தையல்காரி என்றால், துறைமுகப் பம்புகளைத் தையல்காரியை வைத்துப் பிரித்ததாக வாடிக்கையாளரிடம் அவர் பதில் சொல்ல வேண்டும். அவள் பொறியாளர் என்றால், பத்து நாளைக்கு முன் கொடுத்த சான்றிதழ் பொய். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் எனக்கு ஏற்படும் ஆனந்தத்தை மனுவில் விவரிப்பது முறையாகாது.

11. இரண்டையும் நேரே ஒசாகாவுக்கு அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஷார்ஜாவிலிருந்து வந்து சோஹாரில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் கீழக்கரை சாகிர் பாய்தான் இம்மனுவைத் தட்டச்சு செய்கிறார். அவர் சொன்னார்: "ரெண்டு தாளும் ஒண்ணோட ஒண்ணு முட்டுனா, எவன் பொய்னு தேட அவங்களுக்கு என்ன வேண்டுதலையா? அடுத்த அப்ளிகேஷன எடுத்துருவாங்க. கொடுத்த கையே திருத்தித் தரணும் பாய்." சரியென்றே பட்டது. சரி, உள்ளூர்த் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாமே என்றால், அட்டையில் ஒரு வேலை, கையில் ஒரு வேலை என்பதற்கு முதலில் மாட்டுவது அவள்தான். அதையும் திரு. ரெங்கராஜே எனக்குச் சிரித்த முகத்துடன் நினைவூட்டினார்: "எங்க வேணாலும் எழுதுங்கண்ணே. எழுதுனா மருமக ஜப்பானுக்கு இல்ல, ஊருக்குத்தான் போகும். கலாஸ், அத்தோட முடிஞ்சுது."

12. எங்க வேணாலும் என்றாரே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சென்னைக்கு எழுதுகிறேன். அவர் ஒன்றை மறந்துவிட்டார். பொறியாளர் என்று நியமன ஆணை கொடுத்து, தையல்காரர் என்று விசாவை நீட்டிய அந்த மதுரை அலுவலகம் அவருடைய மைத்துனரின் பெயரில் நடக்கிறது. நடத்துவது யார் என்பது மாட்டுத்தாவணியில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அது தங்கள் கைக்கு எட்டும் தூரம். நியமன ஆணையும் விசா நகலும் இணைத்துள்ளேன்.

ஆகவே பணிவுடன் வேண்டுவது:

(அ) மதுரை அலுவலகத்தை அழைத்து விசாரித்து, பானுப்பிரியா செய்த வேலை என்ன என்பதை உள்ளபடி எழுதிய சான்றிதழைத் திரு. ரெங்கராஜ் கையாலேயே 28.11.2025-க்குள் ஒசாகாவுக்கு அனுப்பச் செய்ய வேண்டும்.

(ஆ) அந்த அலுவலகத்துக்கு ஆள் அனுப்பும் உரிமம் உண்டா, இதுவரை எத்தனை பொறியாளர்களைத் தையல்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் விமானம் ஏற்றியது என்று கணக்கெடுக்க வேண்டும்.

(இ) திரு. ரெங்கராஜ் 19.12.2025 அன்று விடுமுறையில் மதுரை வருகிறார். பயணச்சீட்டு எண் இணைப்பில். அவரைத் தங்கள் அலுவலகத்துக்கு வரவழைத்துத் தாழ்வாரத்தில் காக்கவைக்க வேண்டும். காலை முதல் மாலை வரை போதும். நாற்காலி வேண்டாம். உள்ளே அழைத்ததும், வந்த விவரத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, முடித்ததும், சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொல்ல வேண்டும். அலுவலர்கள் யாரும் முகம் கொடுக்க வேண்டாம்.

13. பானுப்பிரியா இம்மனுவைப் படித்தாள். (இ)-ஐ அடித்துவிடச் சொன்னாள். "அவர் எக்கேடும் கெட்டுப் போகட்டும் மாமா. எனக்கு லெட்டர் மட்டும் போதும். ஏப்ரல் ஒண்ணாந்தேதி அந்த கேட்டுக்குள்ள நுழையணும், அவ்வளவுதான்" என்றாள். நான் அடிக்கவில்லை. எனினும், தங்கள் அலுவலகத்துக்கு எத்தனையோ வேலைகள் இருக்கும் என்பதை அறிவேன். இருப்பது பதினாறே நாள். எல்லாவற்றையும் செய்ய இயலாது, ஒன்றுதான் முடியும் என்ற நிலை வந்தால், அன்புகூர்ந்து (அ)-வை மட்டும் செய்து கொடுங்கள். அவளை அனுப்பிவையுங்கள்.

ரெங்கராஜை என்னிடம் விட்டுவிடுங்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கிறது. இந்த மனுவால் என் வேலை போய்விட்டால் முழுநேரமும் கிடைக்கும்.

இணைப்பு: சான்றிதழ் நகல், 2023-ஆம் ஆண்டுக் கடித நகல், நியமன ஆணை, விசா நகல், ஒசாகா கடிதமும் அதன் தமிழாக்கமும், பண்டகப் பதிவேட்டின் 212 பதிவுகள், பயண விவரம். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தனி உறையில்.

நாள்: 12.11.2025
இடம்: சோஹார்

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக நின்றுகொண்டே காத்திருக்கும்,
(ஒப்பம்) மு. முனியசாமி

நகல்: திரு. ரெங்கராஜ் அவர்களுக்கு. நாளைக் காலை, கணக்குப்பிரிவு ஏழு பேர் முன்னிலையில், நேரில்.