பச்சை டப்பா மாத்திரையும் அம்மாவின் வெள்ளையணுக்களும்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனா மூடியைத் திறக்கிறேன். இங்கே நான் சுகம், அண்ணனும் அண்ணியும் சுகம், அம்மாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும், ஆகவே நீ வழக்கம்போல் கடைசி வரிக்குத் தாவாமல் நான் எழுதுகிற வேகத்திலேயே படித்து வா. ஆமாம், நான்தான் எழுதுகிறேன், அண்ணன் கையெழுத்து இல்லை. அவன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், என் எழுத்து யானை நடந்த மாதிரி இருக்கும். நூலகத்து மேல்மாடியில் இப்போது நான் எழுதப் படிக்கக் கற்கும் வகுப்பில் டீச்சர், "ஐயா, உங்களுக்கு ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் கொள்ளும் போலிருக்கே" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும். சுவரில் எழுதுகிற வேலையில் எழுத்துக்காரர் கோடு போட்டுவிட்டுப் போவார், கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவது என் வேலை, எத்தனை சுவர் நிரப்பியிருப்பேன், எதை நிரப்புகிறேன் என்று தெரியாமலே. சமீபத்தில் அப்படி ஒரு சுவருக்கு எதிரே நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நான் அவ்வளவு அழகாக நிரப்பி வைத்திருந்தது 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று. நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரல் கம்மினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அது என் சுபாவம். காகிதம் அழாது, சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல விடும். உனக்குத் தெரியவே கூடாது என்று அம்மாவும் அண்ணனும் ஒரே பிடியாக இருக்கிறார்கள், தெரிய வேண்டும் என்கிற கட்சியில் நான் ஒருவன்தான். அம்மாவின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை எடுத்து, அவற்றுக்குக் கழுத்தில் கட்டியாக வந்த புற்றுநோயை அடையாளம் காட்டிப் பழக்கி, பெருக்கி, அவள் உடம்புக்கே திருப்பி ஏற்றப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். உண்மை என்னவென்றால், எடுத்த அணுக்கள் வளரவில்லை. தயாரிப்பு அறையின் தலைவியாக இருக்கிற அம்மையார் (உன் அம்மா அவருக்குச் சமையல்காரம்மா என்று பேர் வைத்திருக்கிறாள், எப்போது கேட்டாலும் 'இன்னும் பதம் வரலை' என்பாராம்) நேரிலேயே வந்து, எல்லாம் செய்து பார்த்தோம், அணுக்கள் தூங்கிக்கொண்டே இருந்துவிட்டன, காரணம் பிடிபடவில்லை என்று சொன்னார். இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் நோய் முற்றுவதற்குள் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றுவிட்டாள். "என் ரத்தமே கிழடு தட்டிப் போச்சு, அதை எதுக்கு மறுபடி மறுபடி எடுத்துக் காயப்போடணும், விட்டுடுங்க" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் சுவரைப் பார்த்தே பதில். அண்ணன் கெஞ்சினான், அண்ணி அழுதாள், நான் ஒன்றும் தெரியாமல் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சமையல்காரம்மா என்னை ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டார். இப்படி அணுக்களைக் கொண்டு மருந்து தயாரிக்கிறவர்கள் பல ஊர்களிலிருந்து கூடிப் பேசுகிற கூட்டம், நோயாளி வீட்டார் பக்கமிருந்தும் ஒருவர் சில வார்த்தை பேச வேண்டுமாம். அம்மாவைக் கேட்டதற்கு, "நீங்களே போயிட்டு வாங்க, எனக்கும் சேர்த்துத் தலையாட்டிட்டு வாங்க" என்றாள். வாசலிலேயே என் பேர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள், பேருக்குக் கீழே 'நோயாளியின் குடும்பம்' என்று இருந்தது, நானே படித்தேன் சின்னக்குட்டி, யாரையும் கேட்கவில்லை. 'வெளியே செல்லும் வழி' படித்தேன், 'தள்ளவும்' படித்துவிட்டுத் தள்ளினேன், கதவு திறந்தது, எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பெரிய கூடம், குளிரென்றால் பல் கிட்டுகிற குளிர், பின்சுவரில் இரண்டாம் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள், மேடையில் எந்தப் பாஷையில் பேசினாலும் காதுக்குள் ஒரு பெண் நம் பாஷையில் சொல்லிவிடுகிறாள். ஒருவர் தூசி நுழையாத அறை பற்றிப் பேசினார், ஒருவர் உறையவைத்த பைகளை ஏற்றிப் போகும் வண்டி வழியில் நின்றுபோனால் என்ன கதி என்று பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது, இந்த மருந்துக்குக் கிடங்கும் இல்லை இருப்பும் இல்லை, ஒருவருக்கு எடுத்தது அவருக்கு மட்டும்தான், அது கெட்டால் பக்கத்துப் பையை எடுத்து ஒப்பேற்ற முடியாது. அதைக் கேட்டதும் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது கண்முன் வந்து நின்றது.

எனக்கு முன்னால் பேச வந்தவர் ஓயாமல் இருமுகிற ஒரு நெட்டை விஞ்ஞானி. அவர் திரையில் இரண்டு பைகளின் படத்தைப் போட்டார், ஒன்று அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக, மற்றது வெறும் தண்ணீர் மாதிரி. கலங்கல்தான் நல்லது, அணுக்கள் பெருகியிருக்கின்றன என்று அர்த்தமாம். மற்றது ஏன் பெருகவில்லை என்று இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்களாம், ஊற்றின திரவத்தைச் சோதித்தார்களாம், ஒன்றிலும் குற்றமில்லை. கடைசியில் ஒரு நர்ஸ் அந்த நோயாளியின் வீட்டுக்கே போய்ச் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறாள். மூட்டுவலிக்கான இலை மாத்திரை இருந்ததாம். வெறும் இலைதானே என்று வீட்டில் யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. தயாரித்தவன் அதில் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கிறான். அது வலியை அடக்கும், பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், கட்டியைக்கூடக் கொஞ்சம் சுருக்கிக் காட்டும், கூடவே வெள்ளையணுக்களையும் மயக்கிப் போட்டுவிடும். "முகம் முழுநிலா மாதிரி உருண்டு வரும், வீட்டில் எல்லாரும் ஆள் தேறிவிட்டார் என்று சந்தோஷப்படுவார்கள்" என்று காதுக்குள் அந்தப் பெண் சொன்னாள். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ வீடியோவில் பார்த்து, "அம்மா முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாருங்கப்பா" என்று கைதட்டினாயே, நானும் உன் கூடச் சேர்ந்து சிரித்தேனே, அதுதான் நினைவுக்கு வந்தது. மூட்டுக்கு என்று நீ அனுப்பி, தீரத் தீர மறுபடியும் அனுப்பிய அந்தப் பச்சை டப்பாவும் நினைவுக்கு வந்தது.

உடனே என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சட்டைப்பையில் நானே எழுதிக்கொண்டு போன காகிதம், எல்லோருக்கும் நன்றி என்று இருக்கும். மேடை ஏறி முதல் வரியைப் படித்தேன், இரண்டாவது வரியில் எழுத்தெல்லாம் நீந்துகிறது. இதை இங்கே சொல்வதா, வீட்டுக்குப் போய்ச் சொல்வதா, சொன்னால் யார் தலையில் விழும் என்று தெரியவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அந்த இருமல்காரரைப் பார்த்து, "ஐயா, அந்த மாத்திரை டப்பா என்ன நிறம்?" என்று கேட்டேன். கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, அது பல நிறத்தில் வரும், ஏன் கேட்கிறீர்கள் என்றார். "எங்க வீட்டுல இருக்கறது பச்சை" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முன்வரிசையில் சமையல்காரம்மா எழுந்து நின்றுவிட்டார், கையிலிருந்த பேனா விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. "எத்தனை தடவை கேட்டேன் ஐயா, வேற மாத்திரை எதுவும் உண்டான்னு" என்று மேடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார், ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அது வேறு ஆபத்தாம், அவர் சொல்கிறபடி சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து கேட்டால் அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "மருந்துன்னா சொல்லியிருப்பேன். அது இலை. அதுவும் பொண்ணு அனுப்பினது. பொண்ணு அனுப்பினதையெல்லாம் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டிட்டா இருப்பாங்க?" என்றாள். நான் அந்த இருமல்காரர் சொன்னதையெல்லாம் சொன்னேன், இரண்டு பைகளைச் சொன்னேன். பிறகு, "அப்போ என் ரத்தம் கிழடு இல்லையா?" என்று கேட்டாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி, சின்னக்குட்டி. இல்லை, மயக்கத்தில் இருந்திருக்கிறது என்றேன். அவளாகவே கையை ஊன்றி எழுந்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அங்க தனியா உட்கார்ந்து உடைஞ்சு போயிடுவா" என்றாள். அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டான். மாத்திரையைச் சோதித்துப் பார்த்து, ஸ்டீராய்டு இருப்பது உண்மைதான் என்று ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நெருப்பு மேல் நின்ற மாதிரி ஆனது. மாத்திரை குறையக் குறைய மூட்டுவலி பழிவாங்குகிற மாதிரி திரும்பி வந்தது, முகம் வற்றியது, கழுத்துக் கட்டி மறுபடி தலைகாட்டியது. மாத்திரை உடம்பைவிட்டுப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டும், நோய் முந்திக்கொள்ளவும் கூடாது. நான் தினமும் அவள் கழுத்தைப் பார்ப்பேன், பார்ப்பது தெரியாமல் இருக்க ஜன்னலைப் பார்க்கிற மாதிரி பார்ப்பேன், "ஜன்னல் இந்தப் பக்கம் இல்லைங்க" என்பாள். நீகூட வீடியோவில், அம்மா ஏன் இப்படி வாடிட்டாங்க என்று கேட்டாய், வெளிச்சம் சரியில்லை என்று சொன்னேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஒருவழியாக டாக்டர் சரி என்று சொல்லி மறுபடியும் எடுத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது, வேண்டியதை அது வடித்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த கைக்கு அனுப்புகிறது, அவள் இரண்டு கையையும் நீட்டியபடி அசையாமல் கிடந்தாள், மூக்கு அரித்தால் நான்தான் சொறிந்துவிட்டேன். பையில் ஒட்டிய பேரை நர்ஸ் ஒரு தடவை, இன்னொரு நர்ஸ் ஒரு தடவை உரக்கப் படித்தார்கள், அது அங்கே முறையாம். நானும் படிக்கட்டுமா என்று கேட்டேன். படித்தேன். கல்யாணமான நாளாக நான் கூப்பிட்டுப் பழகாத பேர், எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்ததும் அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். பையை வண்டியில் ஏற்றி அனுப்பிய அன்று எழுத ஆரம்பித்தது, என் வேகம்தான் உனக்குத் தெரிகிறதே. இன்று காலை சமையல்காரம்மா போன் செய்தார். போன் அடிக்கும்போது யாரும் எடுக்கவில்லை, நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மாதான் எடுத்தாள். "முழிச்சிருச்சு அம்மா, இரட்டிக்குது" என்றாராம். இன்னும் சோதனைகள் பாக்கி, ஏற்றின பிறகு கடும் காய்ச்சல் வரலாம், ஏற்றினாலும் நோய் போயே போகும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் விழித்துவிட்டன. அம்மா போனை வைத்துவிட்டு, "எனக்குப் பிறந்ததுல ஒரு தடவை எழுப்பினதும் எழுந்திருச்சது இதுதான்" என்றாள். பள்ளிக்கூட நாளில் உன்னை எழுப்பப் பட்ட பாட்டைச் சொல்கிறாள்.

அந்தச் சந்தோஷத்தோடு இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். திட்டினாள், நன்றாகவே திட்டினாள். நான் சொன்னேன், அவள் அந்த மாத்திரையை வாங்கிய கடைக்கு இன்னும் எத்தனை பிள்ளைகள் அம்மாவுக்கென்று வாங்கப் போவார்கள், அவர்களிடம் யார் சொல்வது, சின்னக்குட்டிதானே சொல்ல வேண்டும் என்று. "அப்படின்னா இதையும் எழுதுங்க, அதைச் சாப்பிட்ட வரைக்கும் மாடிப்படி ஏறினேன், மொட்டைமாடியில நானே துணி காயப்போட்டேன், பொண்ணு கைப்பட்டு வந்த மாத்திரைன்னு நினைச்சு நினைச்சுச் சாப்பிட்டேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். குற்றம் கலந்தவனுடையது, கொடுத்தவளுடையது இல்லை. இதை இரண்டு தடவை படி.

கடைக்குப் போய்ச் சொல், உங்கள் ஊரில் அதற்கென்று இருக்கும் அதிகாரிகளிடமும் சொல், மிச்சம் டப்பா இருந்தால் குப்பையில் போடாமல் அவர்கள் கையில் கொடு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போனால் சண்டை போடுவாய். இனிமேல் இங்கே இலை, வேர், பொடி, தைலம் எதுவும் அனுப்பாதே. முடிந்தால் உன்னை அனுப்பு. காய்ச்சல் வருகிற நாட்களில் அவள் உன்னைத்தான் கேட்பாள். நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல் நிறைந்து வாழ அப்பாவின் ஆசீர்வாதம், பேரனுக்கு என் முத்தம். பதிலைப் போனில் சொல்லாதே, கடிதமாகவே எழுது, கூட்டெழுத்து வேண்டாம், யானை நடக்கிற மாதிரி எழுது, அம்மாவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

விழித்திருக்கும் அம்மாவின் பக்கத்திலிருந்து,
உன் அப்பா, சொந்தக் கையால்.