ஐந்து நாள் போடாத குளிசை

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல மேனுகா எழுதுவது. நீ அங்கே காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க அம்மன் துணை நிற்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதவா என்று கேட்டேன், இருக்கிறோம் என்று எழுது, அது போதும் என்றார் அம்மா.

ஏறாவூர் பாஹிம் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கருவாடும் இந்தக் கடிதமும் வரும். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு வெயில் மயக்கம் என்று உனக்குச் சொன்னோமே, அது பொய். உனக்கு அந்த வேலை கிடைத்ததற்காக மூன்று வருசம் தீ மிதிப்பதாக அவர் வைத்த நேர்த்தியில் இது இரண்டாம் வருசம். காப்புக் கட்டிக் கோயிலில் தங்கியவர் ஐந்தாம் நாள், தீக்குழியில் விறகு அடுக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார், தோணி கரையில் கிடக்கிறது. ஏதோ குற்றம் நடந்திருக்கிறது, அம்மன் மறித்துவிட்டா, அடுத்த வருசம் இன்னும் கடுமையாக விரதம் இருந்து மிதிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார், அதையும் எழுதச் சொன்னார். உனக்கும் நெஞ்சு படபடக்கிறது என்றாயாம், அப்பாவின் குளிசையில் பத்தைக் கருவாட்டுப் பொதிக்குள் வைத்து அனுப்பச் சொல்லித் தந்தார். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பாயில் சரிந்தவர் அப்படியே உறங்கிவிட்டார். இந்த மாதம் முழுக்க அம்மாவுக்கு உறக்கமே இல்லை, எழுப்ப மனம் வரவில்லை.

அண்ணா, இனி எழுதுவது நான். பொதிக்குள் குளிசை வைக்கவில்லை, தேடாதீர்கள். உங்களுக்குச் சின்ன வயதில் இருந்தே மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் இருக்கிறது, முட்டு உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இந்தக் குளிசையைத் தொடக்கூடாதாம், மூச்சுக்குழாய் இறுகிவிடுமாம். அங்கே ஒரு டொக்டரிடம் காட்டுங்கள், முட்டு இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு நெஞ்சு வருத்தத்துக்குக் கிளினிக்கில் இந்தக் குளிசை தொடங்கி எட்டு மாதம். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருப்பதால் காலையில் தேத்தண்ணியோடு குளிசை எடுத்துக் கொடுப்பது என் வேலை. காப்புக் கட்டிய அன்று உடுப்போடு குளிசைப் பையையும் கோயிலுக்குக் கொண்டு போனேன். அப்பா பையைத் திருப்பித் தந்தார். "விரதத்தில இதெல்லாம் கூடாது புள்ள. கொண்டுபோய் வீட்ட வை, அம்மாட்ட சொல்லாத" என்றார். வீட்டுக்கு வந்து பையை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். ஐந்து நாளும் அம்மா கேட்டார், அப்பா குளிசை போட்டாரா என்று. ஓம் என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், ஒரு இளம் பெண், குளிசை தவறியதா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. அம்மா அப்போது வெளியே சுடுதண்ணீர் வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். எனக்குப் புதிய ஆட்களோடு பேச வராதென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் "ஐஞ்சு நாளா போடல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டேன். டொக்டர் ஏசவில்லை. பயத்திலும் ஓட்டத்திலும் நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கிற ஒரு சுரப்பு உடம்பில் இருக்கிறது, இந்தக் குளிசை அதை மறித்து நெஞ்சை ஆறுதலாக அடிக்க விடுகிறது, மாதக்கணக்கில் மறித்ததைத் திடீரென்று எடுத்தால் மழைக்கு நிரம்பிய வாவியின் முகத்துவாரத்தை வெட்டிவிட்டது போல எல்லாம் ஒரேயடியாகப் பாயும், ஏற்கெனவே பழுதான இருதயம் அதைத் தாங்காது என்றார். குளிசை போட்டால் கை குளிருது, வலை இழுக்கச் சத்து இல்லை என்று அப்பா முனகினார். அதற்கு அவர், அது உண்மைதான் ஐயா, அதை எங்களிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதோ மாற்றுவதோ நாங்கள் பார்த்துச் செய்வோம், நீங்களாக நிறுத்தாதீர்கள், எழும்பும்போது மெதுவாக எழும்புங்கள், ஒரு நேரம் தவறினால் அடுத்த நேரம் இரண்டாகப் போடாதீர்கள் என்றார்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. குளிசையை அம்மா கொடுத்தால் வாங்குகிறார், நான் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன செவ்வாய் கோயில் பூசகர் பார்க்க வந்தார். அம்மா தண்ணீர் அள்ளப் போன நேரம் வாசல் படலையடியில் வைத்து விரதத்தில் குளிசை போடலாமா என்று கேட்டேன். "நான் சுகருக்கு ரெண்டு போட்டுட்டுத்தான் பூசைக்கே வாறன். உங்கப்பன் என்ன என்னைவிடப் பெரிய பக்தனா?" என்றார்.

அண்ணா, அப்பா நான் சொல்லிக் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் வேலைக்காக வைத்த நேர்த்தி அது, மிச்சத்தை லீவில் வந்து நானே தீர்க்கிறேன் என்று சொல்லுங்கள். குளிசையைப் பற்றி நேரே கேட்டால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார், மெதுவாகக் கேளுங்கள்.

அம்மா எழும்பினால் எழுதியதை வாசி என்பார். எப்போதும் நான் எழுதியதில் பாதியை விட்டுவிட்டுத்தான் வாசிப்பேன், அம்மாவுக்குத் தெரியாது. இன்றும் மறைத்தால் அடுத்த வருசம் அம்மாவே விரதம் என்று சொல்லி அப்பாவைக் கோயிலுக்கு அனுப்புவார், அப்போதும் குளிசை போட்டார் என்று நான் தலையாட்டி என்ன பயன். ஏசினாலும் அடித்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு அரிசி வாளி வரைக்கும் எல்லாவற்றையும் வாசிக்கப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு மகன், வெயிலில் தொப்பி போடு, அம்மன் உன்னைக் காப்பாள் என்று அம்மா முதலிலேயே சொல்லி வைத்தார். அப்பாவுக்குப் போன் எடுக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா அன்னப்பூரணி
எழுதியது தங்கச்சி மேனுகா