பந்திக்குள் இல்லாத இலை

கொத்தமங்கலம் கல்யாணத்துக்கு வெள்ளைப் பணியாரம் சுடுகிறார்கள். கொட்டகை முழுக்க எண்ணெய் வாசனை. நம் சமையல் காண்டிராக்டர் அண்ணன் மடிக்கணினியில் மறுபடியும் நீ எழுதிய நிரலையே திறந்தார். ஏடி, எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதே. படுகிறேன்.

ரூபி என்ற நிரல்மொழியில், சமையல் கணக்குப் போட அவருக்கென்றே ஒரு குட்டி மொழி கட்டினாய். கல்யாணம், அதற்குள் நாள், அதற்குள் பந்தி, அதற்குள் பலகாரம். அவர் வாயில் வரும் வார்த்தைகளே நிரலாகிவிடும். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தோம். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

பந்திக்குள் ஒரு வார்த்தைக்குப் பதில் இல்லையென்றால் உன் மொழி நாளிடம் கேட்கும். அங்கும் இல்லையென்றால் கல்யாணத்திடம் போகும். எனக்கு அது அன்றே பிடிக்கவில்லை.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். அதென்னடி ஊரெல்லாம் போய்க் கேக்குறது?"

நீ சிரித்தாய். "பந்தியில உப்பு இல்லைன்னா அண்ணன் பந்தியவா நிறுத்துவாரு? கொட்டகைக்குல்ல ஆள் விடுவாரு!"

போன ஆடியில் காய்ச்சலென்று படுத்தவள், நீ எழுந்திருக்கவேயில்லை. அழுது ஓய்ந்ததும் உன்னுடையதைத் தூக்கிவிட்டு என் மொழியை வைக்கத்தான் உட்கார்ந்தேன். சுத்தமான மொழி, எதையும் தானாக ஊகிக்காது. அதைத்தான் இன்று காலை அண்ணனிடம் கொடுத்தேன். கல்யாணத்துக்கு மொத்தமாகத் தலைவாழை இலை என்று மேலே போட்டுவிட்டு, அவர் பாட்டுக்குப் பந்திக்குள் இறங்கினார். பந்தியில் இலை சொல்லப்படவில்லை என்று திரை சிவந்துவிட்டது.

"மேலேயே சொல்லிட்டேனே, தங்கச்சி! பந்திக்குப் பந்தி சொல்லணுமாக்கும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "தப்பா நினைக்காதீக. அந்தப் பிள்ளை போட்டதே இருக்கட்டும்."

அந்தப் பிள்ளையாம்! எத்தனை மாத உழைப்பு என்னுடையது, தெரியுமா?

மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் தனிப் பலகாரம் வேண்டும், அதையும் உன்னுடையதிலேயே சேர்த்துத் தரச் சொன்னார். நாளுக்குள் வைப்பதா, பந்திக்குள் வைப்பதா? பிடிபடவில்லை. "இதை எங்கடி வைக்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஒரு பணியாரத்தை இலைத்துண்டில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

எனக்குள் பதில் இல்லாதபோது இன்னமும் உன்னிடம்தான் போய்க் கேட்கிறேன். அந்தப் பழக்கத்தையும் நீதான் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அதை மட்டும் எனக்கு மாற்றி எழுத வரவில்லை, போடி.